கடலிலிருந்து நான்காவது கிணறு

குழாயைத் திறந்ததும் வரும் முதல் தண்ணீரை உம்முஹான் செடிக்கு விடமாட்டாள். இடது கைச் சுண்டுவிரலை அதில் நனைத்து நாக்கு நுனியில் வைப்பாள். கண்ணை மூடமாட்டாள், உதட்டைச் சுழிக்கமாட்டாள். ஒரு மூச்சு விடும் நேரம் அப்படியே நிற்பாள். பிறகு விரலைச் சல்வாரில் துடைத்துக்கொண்டு வால்வைத் திருப்புவாள். தண்ணீர் மிளகாய்ச் செடிகளுக்கு ஓடும்.

கணவன் துர்முஷ் அதை ஏதோ வேண்டுதல், துவா என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தான். கல்யாணமான புதிதில் ஒருதரம் கேட்டான். அவள் சிரித்து மழுப்பிவிட்டாள். அதற்கப்புறம் அவன் கேட்கவில்லை. மகன் இல்கர் சின்ன வயதில் அம்மாவைப் பார்த்துத் தானும் விரலை நனைத்துச் சப்புவான். பள்ளிக்கூடம் போனதும் விட்டுவிட்டான். முப்பது வருஷத்துக்கு மேலாக அந்த விரல் தினமும் காலையில் நாக்குக்குப் போய்வந்தது. உம்முஹான் அதைப்பற்றி யாரிடமும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவளுக்குப் பேச்சு அவ்வளவாக வராது. கூட்டத்தில் தட்டு எடுத்து வைப்பாள், டீ ஊற்றுவாள், கதவோரம் நின்று எல்லோர் முகத்தையும் பார்ப்பாள்.

கராசாஸ் ஊரில் கடற்கரையிலிருந்து நெடுஞ்சாலை வரை ஒரு வடிகால் வாய்க்கால் வருகிறது. அதன் கரையிலே வரிசையாக ஆறு கிணறுகள். முதல் கிணறு ஒரு ஆரஞ்சுத் தோப்புக்காரருடையது. அவர் பட்டணத்தில் இருந்தார், வருஷத்துக்கு ஒருமுறை வருவார். இரண்டாவது அவர் தம்பியுடையது. மூன்றாவது பக்கத்து வயல்காரி முஸெய்யன் வீட்டுக் கிணறு. நான்காவது உம்முஹானுடையது. ஐந்தாவது பள்ளிவாசல் கிணறு. ஆறாவது, சாலையை ஒட்டியது, அவளுடைய அண்ணன் வெய்சலுடையது.

அந்த நிலம் ஒரு காலத்தில் யாருக்கும் வேண்டாததாக இருந்தது. அவள் தாத்தா நாளில் அது நாணலும் கொசுவும். ஜனங்கள் குளிர்காலத்தில் மட்டும் ஆடுகளோடு மலையிலிருந்து இறங்கி வருவார்கள். வெயில் ஏறுவதற்குள் மேலே ஓடிவிடுவார்கள். ஓடாமல் தங்கியவர்களை முறைக்காய்ச்சல் தூக்கிக்கொண்டு போனது. பழைய கபர்ஸ்தானில் இன்றைக்கும் பிள்ளைகளைப் புதைத்த முழங்கை நீளக் குழிகள் நிறைய இருக்கின்றன. பிறகு அரசாங்க ஆட்கள் வந்து வாய்க்கால் வெட்டினார்கள், தைலமரம் நட்டார்கள். மரம் தண்ணீரைக் குடித்தது, சதுப்பு வற்றியது, ஊர் ஆனது. அப்போதும் வெயில் கொளுத்தும் இரண்டு மாசத்துக்கு எல்லோரும் மலைக்குப் போகும் வழக்கம் மட்டும் விடவில்லை. காய்ச்சல் போன பிறகும் கால் அந்தப் பாதையை மறக்கவில்லை.

உம்முஹானின் அப்பா அந்தக் கிணற்றைத் தோண்டியபோது அவளுக்கு ஒன்பது வயது. அண்ணன்கள் ஆடுகளோடு போயிருந்தார்கள். கயிறு இழுக்க ஒரு ஆள் வேண்டும். அந்தக் குளிர்காலம் பள்ளிக்கூடம் நின்றது, அப்புறம் தொடங்கவேயில்லை. மூன்றாம் வகுப்போடு சரி. காலையிலிருந்து மத்தியானம் வரை அப்பா கீழேயிருந்து வாளியை நிரப்புவார், அவள் இழுத்துக் கொட்டுவாள். முதலில் மணல். பிறகு ஈர மணல். பிறகு கூழாங்கல். ஐந்து ஆள் உயரத்துக்குப் போனதும் ஒரு வாளி நீலக் களிமண் வந்தது. மாட்டுத் தோல் மாதிரி இழுபட்டது. அதைக் கொட்டும்போது வாடை அடித்தது. கரையில் கவிழ்த்துப் போட்ட படகின் அடியில் அடிக்குமே, அந்த வாடை. களிமண்ணுக்குள் சின்னச் சின்னச் சிப்பிகள் இருந்தன. கடலோ அரை மைலுக்கு அப்பால் இருந்தது.

அப்பா கடப்பாரையால் இரண்டு முறை குத்திப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். களிமண்ணுக்கு மேலேயே தண்ணீர் ஊறிவிட்டது, போதும் என்றார். ஏறி வந்து முகம் கழுவினார், ரொட்டி தின்றார். ஆனால் அந்த வாடையை உம்முஹான் மறக்கவில்லை.

சொத்துப் பிரிக்கும்போது கராசாஸில் எல்லா வீட்டிலும் நடந்ததுதான் அவள் வீட்டிலும் நடந்தது. சாலையோரக் கரிசல் ஆண்பிள்ளைகளுக்கு. கடல் பக்கத்து மணல் பெண்பிள்ளைகளுக்கு. அண்ணன் வெய்சல் அன்றைக்குச் சொன்னதை ஊரே கேட்டுச் சிரித்தது.

"துணி காயப்போட நல்ல இடம்டி உம்மு. அங்க பறவை கூட முட்டை போடாது."

ஐந்தாறு வருஷம் கழித்து, உள்ளே பயிர் வளர்க்கும் பிளாஸ்டிக் குடில்கள் வந்தன. அப்போதுதான் தெரிந்தது, கடல் பக்கத்து மணல் சூட்டைப் பிடித்து வைத்திருக்கும், பனி அங்கே இறங்காது என்று. ஜனவரியில் வெய்சலின் கரிசலில் தக்காளி கருகி நின்றபோது உம்முஹானின் மணலில் மிளகாய் காய்த்துத் தொங்கியது. பெண்பிள்ளைகளுக்குத் தள்ளிவிட்ட நிலமெல்லாம் ஊரிலேயே நல்ல நிலமாகிவிட்டது. பத்திரம் உம்முஹான் பேரில் இருந்தது. துர்முஷ் நல்ல உழைப்பாளி, வாய் கொஞ்சம் நீளம், ஆனால் அந்தப் பத்திரத்தை ஒருநாளும் தன் பேருக்கு மாற்றச் சொல்லவில்லை. குடில் போட்டார்கள், மோட்டார் வைத்தார்கள், பிள்ளையை வளர்த்தார்கள். எல்லாம் அந்த ஐந்து ஆள் கிணற்றுத் தண்ணீரில்.

முதல் கிணறு கெட்டபோது இல்கர் ஒன்றாம் வகுப்பில் இருந்தான். ஆரஞ்சு இலைகளின் ஓரம் பழுப்பேறியது. நோய் என்று மருந்து அடித்தார்கள். மூன்று வருஷத்தில் தோப்பு விறகாகப் போனது. பிறகு இரண்டாவது. அப்புறம் கொஞ்சகாலம் ஒன்றும் இல்லை. உம்முஹான் வாய்க்கால் கரையில் நடந்துபோகும்போது அவரவர் வயலில் கசியும் குழாயில் விரலை நனைத்துப் பார்ப்பாள். யாரும் பார்க்காதபோதுதான். முஸெய்யன் வீட்டுத் தண்ணீரில் ஒருநாள் நாக்கின் பின்பக்கம் லேசாக ஏதோ தட்டியது. உப்பு என்று சொல்லமுடியாது. சாவியை வாயில் வைத்த மாதிரி இருந்தது. அவள் வீட்டுக்கு வந்து வேலையைப் பார்த்தாள். முஸெய்யனிடம் சொல்லவில்லை. சொன்னால், நீ எதுக்கு எங்க தண்ணியை நக்கிப் பார்த்தே என்று கேட்பாளே என்ற கூச்சம்.

இரண்டு வருஷம் கழித்து முஸெய்யனே வந்தாள். தலையில் துணி சுற்றியிருந்தாள், கண் சிவந்திருந்தது.

"தலைக்குக் குளிச்சா நுரையே வரல உம்மு. வலையில மாட்டுன மீன் மாதிரி பிசுபிசுன்னு இருக்கேன். எம் புருஷன் மேலயே இப்ப கடல் வாடை அடிக்குது. இத்தனை வருஷமா ஒரு வாடையும் இல்லாத மனுஷன்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். பிறகு முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். உம்முஹான் டீ ஊற்றிக் கொடுத்தாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் தான் வாயைத் திறந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அன்றைக்கு முழுக்க யோசித்தாள். ஒன்றும் ஆகியிருக்காமலும் போயிருக்கலாம். ஆனால் தெரிந்தும் சும்மா இருந்தோம் என்பது மட்டும் நெஞ்சில் நின்றுவிட்டது.

அவள் பார்த்து வைத்திருந்தது ஒன்று உண்டு. அந்த மூன்று கிணறுகளும் கெடுவதற்கு முன்னால் மூன்றையும் ஆழப்படுத்தியிருந்தார்கள். கிணற்றின் அடியில் போர் போட்டு இறக்கியிருந்தார்கள். ஊர் அதைத் தலைகீழாகச் சொன்னது. உப்பு வருகிறது, அதனால்தான் இன்னும் கீழே போய் நல்ல தண்ணீர் எடுக்கவேண்டும் என்றது. டீக்கடையில் ஆண்கள் எல்லோரும் அதைத்தான் சொன்னார்கள். கீழே போகப்போக நல்ல தண்ணீர் என்பதில் கராசாஸில் யாருக்கும் சந்தேகம் இல்லை. மலையில் அது சரிதான். அவர்கள் மலையிலிருந்து வந்தவர்கள்.

மிளகாய்க்கு விலை இல்லாமல் போன வருஷங்கள் வந்தன. குடில்களில் எல்லோரும் வாழைக்கு மாறினார்கள். வாழை மிளகாயைப்போல நான்கு மடங்கு குடிக்கும். இல்கருக்குக் கல்யாணமாகி மனைவி மாசமாக இருந்த சமயம். அவனும் வாழை என்று நின்றான். ஐந்து ஆள் கிணறு வாழைக்குக் காணாது. ஒரு பிப்ரவரி காலையில் போர் வண்டிக்கார நிஸாம் வீட்டுக்கு வந்தான். கையில் விண்ணப்பத் தாள். பத்திரத்துக்கு உரியவள் கையெழுத்துப் போட்டால்தான் அனுமதி கிடைக்கும்.

நிஸாம் தடியான ஆள், சிரித்த முகம். மூன்று டீ குடித்தான். டீக்கு நடுவிலே கிணற்றைப் பாராட்டினான்.

"அக்கா, உங்க கிணறு சின்னப் புள்ள மாதிரி. அஞ்சு ஆள் ஆழத்துல தூங்கிக்கிட்டு இருக்கு. நான் எழுப்பி விடறேன், அப்புறம் பாருங்க ஓட்டத்தை."

உம்முஹான் தட்டோடு கதவோரம் நின்றாள். அங்கிருந்தபடியே கேட்டாள்.

"அடியில நீலக் களிமண்ணு இருக்குமே. அதுக்குக் கீழ என்ன இருக்கு?"

"தண்ணிதான் இருக்கும். பின்ன என்ன, சர்க்கரை போட்ட டீயா இருக்கும்?" என்றான் நிஸாம். துர்முஷும் இல்கரும் சிரித்தார்கள். அவளுக்கும் சிரிப்பு வந்தது, அதுதான் வினை. சிரித்த பிறகு சிப்பியைப்பற்றியும் வாடையைப்பற்றியும் எப்படிச் சொல்வது? ஒன்பது வயதில் மோந்த வாடையைச் சொல்லி, மகனின் வாழையை நிறுத்தச் சொல்வதா? முஸெய்யன் கிணறு ஆழப்படுத்திய பிறகுதானே கெட்டது என்று தொண்டை வரை வந்தது. நிஸாம்தான் முஸெய்யன் கிணற்றிலும் போர் போட்டவன். அவன் முகத்துக்கு நேரே எப்படிச் சொல்வது?

இல்கர் பேனாவை எடுத்துக் கொடுத்தான். "போடும்மா. உன் பேரனுக்கு வாழைப்பழம் வேணாமா?"

அவள் உட்கார்ந்து எழுத்து எழுத்தாகத் தன் பேரை எழுதினாள். அவளுக்கு மறக்காமல் எழுத வந்தது அது ஒன்றுதான். முடிக்க நேரம் பிடித்தது. அத்தனை நேரமும் யாராவது வேண்டாம் என்று சொல்லிவிட்டால் தேவலை என்றிருந்தது. அதைச் சொல்லக்கூடியவள் அவள் ஒருத்திதான் என்பது அப்போது தோன்றவில்லை.

ஏப்ரலில் போர் வண்டி வந்தது. இரண்டு நாள் நிலம் அதிர்ந்தது. இரண்டாம் நாள் குழாய் வழியே நீலச் சேறு பீச்சி அடித்தது. உம்முஹான் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். வாடை அடுக்களை வரை வந்தது. அவள் வெளியே போய்ப் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் தண்ணீர் வந்தது. கிணற்றில் மூன்று உறை உயரம் ஏறி நின்றது. துர்முஷ் ஒரு சேவல் அறுத்தான், அக்கம்பக்கத்துக்கெல்லாம் சோறு போட்டான். முஸெய்யனும் வந்து தின்றாள். போகும்போது வாசலில் நின்று, "நல்லா இருக்கட்டும்" என்றாள்.

மறுநாள் காலையில் உம்முஹான் விரலை நனைத்து வைத்தாள். நல்ல தண்ணீர். பழைய தண்ணீரைவிடக் குளிர்ச்சி. அதற்கு மறுநாளும் அப்படியே. மே மாதம் முழுக்க அப்படியே. அவளுக்குத் தன்மேலேயே வெட்கமாக இருந்தது. இத்தனை வருஷமாக ஒரு வாடையைக் கட்டிக்கொண்டு அழுதோமே என்று நினைத்தாள். ஆனாலும் விரல் தினமும் போய்வந்தது.

ஜூன் கடைசியில் மிளகாய்ச் செடியைப் பிடுங்கிக் குடிலைக் காலி செய்தார்கள். இனிச் செய்யவேண்டியது மண்ணைச் சுடவைப்பது. கராசாஸில் ஒவ்வொரு கோடையிலும் செய்வது. மண்ணில் முழங்கால் வரை தண்ணீர் கட்டி, மேலே பிளாஸ்டிக் தாளை விரித்து, ஓரத்தையெல்லாம் மண் போட்டு மூடிவிடுவார்கள். நாற்பது நாள் வெயில் அதை வேகவைக்கும். வேர்ப்புழு சாகும், களைவிதை சாகும். செப்டம்பரில் தாளை எடுத்துவிட்டு வாழைக்கன்று வைக்கவேண்டியதுதான். வழக்கமாகத் தண்ணீர் ஒருதரம்தான் கட்டுவார்கள். இந்த வருஷம் தண்ணீர் தாராளம், வாழைக்கு மண் நன்றாக வேகட்டும் என்று துர்முஷ் மூன்றுதரம் கட்டுவதாகச் சொன்னான்.

மருமகளுக்குக் குழந்தை பிறந்து நாற்பது நாள் ஆகியிருந்தது. பெண்களும் குழந்தையும் மலைக்குப் போகவேண்டும். கீழே இருந்தால் பிஞ்சு உடம்பு தாங்காது. ஆண்கள் மண் வேலை முடித்துவிட்டு வருவார்கள். புறப்படும் காலையில் உம்முஹான் குழாயில் விரலை வைத்துப் பார்த்தாள். நல்ல தண்ணீர்தான்.

"தினம் ஒரு வாய் குடிச்சுப் பாருங்க," என்றாள் துர்முஷிடம்.

"எதுக்கு, கிணறு எனக்குப் பொண்ணு குடுக்கப் போகுதா?" என்றான் அவன். ஊரில் இரண்டு மூன்று வருஷமாகக் குடிக்கவும் டீக்கும் கடையில் வாங்கும் கேன் தண்ணீர்தான். கிணற்றுத் தண்ணீர் யார் வாயிலும் படுவதில்லை. அவள் வாய் ஒன்றைத் தவிர.

மலையில் காற்று குளிர்ச்சியாக இருந்தது. தயிர் உறைய வைத்தாள், மாவு பிசைந்து வெயிலில் காயவைத்தாள், குழந்தையைக் குளிப்பாட்டினாள். மாலையில் ஃபோன் செய்து கேட்பாள். இரண்டாம் தண்ணீர் கட்டியாச்சு என்பான் துர்முஷ். மோட்டார் நிற்காமல் ஓடுகிறது, கிணறு இறங்கவே இல்லை என்பான். குரலில் அவ்வளவு சந்தோஷம். தண்ணியை வாயில் வச்சீங்களா என்று ஒருதரம் கேட்டாள். சிரித்தான். மறுபடி கேட்கவில்லை அவள்.

ஜூலை நடுவில் ஒரு வெள்ளிக்கிழமை இல்கர் குழந்தையைப் பார்க்க மேலே வந்தான். அழுக்குத் துணியை ஒரு மூட்டையாகக் கட்டிக்கொண்டு வந்திருந்தான். உம்முஹான் துவைக்க எடுத்தாள். சட்டையின் முதுகில் வெள்ளைத் திட்டு இருந்தது. அது வேர்வை, எப்போதும் வருவது. கால்சட்டையை எடுத்தாள். கணுக்காலிலிருந்து முழங்கால் வரை துணி அட்டை மாதிரி விறைத்திருந்தது. முழங்காலில் வெள்ளையாக ஒரு கோடு. தண்ணீரில் நின்று நின்று காய்ந்த கோடு.

முழங்காலுக்குக் கீழே யாருக்கும் அவ்வளவு வேர்க்காது.

அவள் கொட்டகைக்குப் பின்னால் போய் அந்தக் கோட்டை நாக்கால் தொட்டாள். பிறகு துணியைத் துவைக்காமல் மடித்துப் பையில் வைத்தாள். மருமகளிடம் தயிரை மட்டும் பார்த்துக்கொள்ளச் சொன்னாள். மகனிடம் எதுவும் கேட்கவில்லை. மறுநாள் காலை முதல் மினிபஸ்ஸில் கீழே இறங்கினாள். நாற்பது வருஷத்தில் ஜூலை மாதம் கராசாஸைப் பார்ப்பது அவளுக்கு அதுதான் முதல் தடவை. ஊர் வெறிச்சோடிக் கிடந்தது. காற்றே இல்லை. எல்லாக் குடிலிலும் தாள் வெயிலில் கண்ணைப் பறித்தது. ஏதோ பெரிய நோயாளிகளை வரிசையாக வெள்ளைத் துணி போட்டு மூடி வைத்த மாதிரி இருந்தது.

துர்முஷ் தாளின் ஓரத்தைத் தூக்கி மூன்றாம் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தான். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அவள் அவனிடம் போகாமல் நேரே குழாய்க்குப் போனாள். விரலை நனைத்தாள். நாக்கில் வைக்கவே வேண்டியிருக்கவில்லை. விரல் நகத்தின் ஓரத்தில் இருந்த கீறலில் சுரீரென்று எரிந்தது. இருந்தாலும் வைத்தாள்.

கிணற்று மேடையில் ஏறி ஸ்விட்சை அணைத்தாள். மோட்டார் வைத்த நாளிலிருந்து அந்த ஸ்விட்சை அவள் தொட்டதில்லை. சத்தம் நின்றதும் தைலமரத்தில் சில்வண்டுகள் மட்டும் கேட்டன.

துர்முஷ் சேற்றுக்காலோடு வந்தான். "என்ன ஆச்சு, குழந்தைக்கு ஏதாவதா?"

"குழந்தைக்கு ஒண்ணுமில்ல. தண்ணியைக் குடிச்சுப் பாருங்க."

"உம்மு, வெயில்ல வந்து இறங்கியிருக்கே, மொதல்ல உள்ள போய் உக்காரு."

"நான் சொல்றதைக் கேளுங்க. ஒரு வாய் குடிங்க."

அவள் அப்படிப் பேசி அவன் கேட்டதில்லை. குனிந்து கையில் ஏந்திக் குடித்தான். துப்பவில்லை. விழுங்கிவிட்டான். முகம் ஒன்றும் மாறவில்லை. பிறகு கேட்டான்.

"எப்பத்திலிருந்து?"

"நான் மேல போறப்ப நல்லாத்தான் இருந்தது."

"அப்ப மூணு தண்ணியும்..."

இரண்டு பேரும் குடிலைப் பார்த்தார்கள். மூன்று தண்ணீர் மண்ணுக்குள் போய்விட்டது. மேலே தாள் மூடியிருந்தது. வெயில் வேகவைத்துக்கொண்டிருந்தது. தாளை எடுத்தால் புழு சாகாது, எடுக்காவிட்டால் உப்பு போகாது. எடுத்தாலும் போகாது. நல்ல தண்ணீர் விட்டுக் கழுவினால்தான் போகும். நல்ல தண்ணீருக்கு எங்கே போவது?

அன்றைக்குத்தான் அவள் எல்லாவற்றையும் சொன்னாள். களிமண், சிப்பி, வாடை, முஸெய்யன் வீட்டுக் குழாய், விரல். குடிலின் நிழலில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். கடைசியில் துர்முஷ் ஒன்றே ஒன்று கேட்டான்.

"கையெழுத்துப் போடறப்ப ஏன் சொல்லல?"

எல்லோரும் சிரித்தார்கள் என்பதை ஒரு பதிலாகச் சொல்லமுடியாது.

போர்க் குழாயில் சிமெண்ட் ஊற்றி அடைத்துப் பார்த்தார்கள். களிமண்ணில் விழுந்த ஓட்டை அடைபடவில்லை. உப்பு எங்கிருந்தோ ஏறிக்கொண்டே இருந்தது. செப்டம்பரில் தாளை எடுத்தபோது மண் ஈரமாகக் கறுப்பாகத்தான் இருந்தது. இல்கர் அம்மாவைப் பார்த்து, ஒண்ணுமில்லேம்மா, வீணாப் பயந்தோம் என்றான். மூன்று நாள் காய்ந்ததும் பூத்தது. காலையில் பார்த்தால் குடில் முழுக்க வெள்ளை. பனி இறங்காத நிலத்தில் பனி இறங்கின மாதிரி. கன்றுகள் வந்துவிட்டன, வேறு வழியில்லாமல் வைத்தார்கள். டேங்கரில் தண்ணீர் வாங்கி ஊற்றினார்கள். புத்தாண்டு வாக்கில் இலை ஓரமெல்லாம் தீக்குச்சியால் சுட்ட மாதிரி ஆனது. மார்ச்சில் இல்கர் ஒரு கன்றைப் பிடுங்கிப் பார்த்தான். வேர் ஒரு சாண்கூட இறங்கவில்லை. இறங்கப் பார்த்துவிட்டுத் திரும்பி மேலே வந்திருந்தது.

நிஸாம் பெருநாளுக்கு வந்து துர்முஷின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். தெரியாது என்றான். அது உண்மைதான்.

அதற்கடுத்த வருஷம் பள்ளிவாசல் கிணறு. அதை யாரும் ஆழப்படுத்தவில்லை. உம்முஹான் கிணற்றின் ஓட்டை வழியாக வந்ததா, அதுவாகவே வந்ததா என்று யாருக்கும் தெரியாது; உம்முஹான் மட்டும் தனக்குத் தெரியும் என்று நினைத்தாள். தொழுகைக்கு முன்னால் ஆண்கள் தினம் ஐந்து வேளை அந்தத் தண்ணீரால் மூன்று முறை வாய் கொப்பளிப்பார்கள். ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. பள்ளிவாசல் தண்ணீரைக் குறை சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை. கடைசியில் வெளியூரிலிருந்து மாற்றலாகி வந்த இமாம்தான் கேட்டார், இந்த ஊரில் எல்லாத் தண்ணீரும் இப்படித்தான் இருக்குமா என்று.

பள்ளிவாசலுக்குப் பிறகு வெய்சல்தான் பாக்கி. அவன் கிணற்றில்தான் இப்போது பாதி ஊருக்குத் தண்ணீர். ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் தொழுகை முடிந்து தங்கை வீட்டு வாசலுக்கு வந்தான். உள்ளே வரவில்லை. சட்டைக்குள்ளிருந்து ஒரு சின்னப் பாட்டிலை எடுத்தான். வேறு ஏதோ பாட்டில் என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் நினைத்திருப்பார்கள்.

"உன் நாக்கைப் பத்தி துர்முஷ் சொன்னான்," என்றான். "பாத்துச் சொல்லு."

உம்முஹான் விரலை நனைத்து வைத்தாள். அவன் அவள் முகத்தையே பார்த்தான். துணி காயப்போடச் சொன்ன அண்ணன்.

"நல்லாத்தான் இருக்கு அண்ணே."

"நிஸாம் கேக்கறான், இன்னும் இருபது ஆள் இறக்கலாமான்னு."

"வேணாம்," என்றாள் அவள். "உன் கிணத்துல யாரையும் கைவைக்க விடாத. இறைக்கற தண்ணியைப் பாதியாக் குறைச்சுக்கோ. மோட்டாரை ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஓட்டாத. யார் சிரிச்சாலும் சிரிக்கட்டும்."

வெய்சல் பாட்டிலை மூடிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டான். "இத்தனை நீளமா நீ பேசுவேன்னு அப்பாவுக்குக்கூடத் தெரிஞ்சிருக்காது," என்றான். போய்விட்டான். ஆனால் போர் போடவில்லை. அதிலிருந்து ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வருகிறான்.

உம்முஹானுக்கு இப்போது ஐம்பத்தொன்பது வயது. குடிலின் இரும்புக் குழாய்கள் மட்டும் நிற்கின்றன. தாள் காற்றில் கிழிந்து போய்விட்டது. உள்ளே உமரி முளைத்திருக்கிறது, கடலோரத்தில் மட்டும் வளரும் அந்த உப்புக்கீரை. அவள் அதைப் பறித்துச் செவ்வாய்ச்சந்தையில் விற்கிறாள். பட்டணத்துக்காரர்கள் பூண்டும் எலுமிச்சையும் போட்டுத் தின்ன ஆசையாக வாங்கிப் போகிறார்கள். இல்கர் குடும்பத்தோடு பட்டணத்தில் லாரி ஓட்டுகிறான். துர்முஷ் வெய்சலின் வயலில் வேலை பார்க்கிறான். நான்காவது கிணற்றுக்குச் சிமெண்ட் மூடி போட்டிருக்கிறது. வாய்க்காலின் மேல்பக்கம், சாலைக்குப் பத்தடி தள்ளி, இந்த வசந்தத்தில் முதல் உமரிச்செடி முளைத்திருப்பதை அவள் பார்த்தாள்.

வெய்சல் கிணறு இன்னும் ஓடுகிறது. போன வெள்ளிக்கிழமை கொண்டுவந்த பாட்டிலில் நாக்கின் பின்பக்கம் லேசாக ஏதோ தட்டியது. அண்ணனிடம் அப்போதே சொல்லிவிட்டாள்.